நாற்பத்தெட்டு நொடிக் காலர்

ஆழ்வார்பேட்டையில் ஒரு பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில், ஊசி போட்டு இடது கன்னம் மரத்துப்போயிருந்த நிலையில், ஒரு தையல் கூடத்தின் உற்பத்தியைப் பெருக்கித் தருவதாக நான் ஒப்புக்கொண்டேன். மரத்தது கன்னம் மட்டும்தானா என்று என் மனைவி பிற்பாடு பலமுறை கேட்டிருக்கிறாள்.

அதற்கு எட்டு மாதம் முன்புவரை தரமணியில் ஒரு கணினி நிறுவனத்தில் 'செயல்முறை மேம்பாடு' என்கிற பிரிவில் இருந்தேன். மற்றவர்கள் பத்துப் பேராகச் செய்யும் வேலையை ஏழு பேரை வைத்து எப்படிச் செய்யலாம் என்று கண்டுபிடித்துச் சொல்வது எங்கள் வேலை. இருபத்திரண்டு வருடம் சொன்னோம். கடைசியில் நிறுவனம் அந்த யோசனையை எங்கள் பிரிவுக்கே போட்டுப் பார்த்தது. அளவெடுத்துத் தைத்த மாதிரிப் பொருந்தியது. நான் மயிலாப்பூரில் வீட்டோடு வந்து சேர்ந்தேன்.

காத்திருப்பு அறைகளில் பக்கத்து நாற்காலிக்காரர் பேச்சுக் கொடுக்காமல் இருக்க, கையில் ஒரு தடிப் புத்தகம் வைத்துக்கொள்வது என் வழக்கம். அன்றைக்கு அது தொழிற்சாலை உற்பத்தி பற்றிய புத்தகமாக அமைந்துவிட்டது. வலது கன்னத்தைக் கையால் தாங்கியபடி உட்கார்ந்திருந்த மனிதர் அட்டையை எழுத்துக் கூட்டிப் படித்தார். அறுபது வயதிருக்கும். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தி.நகரில் ஜவுளிக் கடை. கடைக்குப் பின்பக்கச் சந்தில், மூன்றாவது மாடியில், பள்ளிச் சீருடைச் சட்டை தைக்கும் கூடம் ஒன்றும் வைத்திருந்தார். எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள் என்பதால் நானும் அடுத்த ஐந்தாவது நிமிடம் அப்படியே கூப்பிட ஆரம்பித்தேன்.

"இருவத்திரெண்டு மெஷின் கெடக்கு சார். நேத்தைக்கு நானூத்திப் பத்துச் சட்டை. முந்தாநாளும் நானூத்திப் பத்து. மழை பேஞ்சாலும் நானூத்திப் பத்து, வெயிலடிச்சாலும் நானூத்திப் பத்து. கூடவும் மாட்டேங்கு, குறையவும் மாட்டேங்கு. நீங்க இதெல்லாம் படிக்குதீய. ஒருநா வந்து பாருங்களேன்."

மாறாத எண் என்றாலே அதற்குள் சோம்பேறித்தனம் ஒளிந்திருக்கிறது என்று புத்தகத்தின் முதல் அத்தியாயம் சொல்லியிருந்தது. ஒரு பக்க உதட்டால் அதை அவருக்கு விளக்கினேன். எச்சில் வழிந்தது. அவர் அதையும் ஞானத்தின் ஓர் அறிகுறியாக எடுத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

விஷயத்தை வீட்டில் சொன்னேன். மனைவி பள்ளிக்கூட ஆசிரியை. விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவள் தலை நிமிரவில்லை.

"ஆத்துல குக்கர் எத்தனை விசில் அடிச்சதுன்னு ஒரு நாள் சரியா எண்ணிச் சொல்லியிருக்கேளா? அங்க போய் சட்டை எண்ணப் போறேளாக்கும்."

மாசி பிறந்ததும் வேலையில் சேர்ந்தேன். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் சீருடை கடைகளுக்குப் போயாக வேண்டும் என்பதால் அந்தக் கூடத்துக்கு அதுதான் மும்முரமான காலம். கைபேசியிலேயே நேரம் பார்க்கலாம்தான். ஆனால் அறிவியலுக்கு ஒரு கௌரவம் வேண்டாமா என்று விளையாட்டுச் சாமான் கடையில் கழுத்தில் தொங்கவிடும் ஸ்டாப்வாட்ச் ஒன்று வாங்கினேன். முதல் நாள் மதியத்துக்குள் கூடத்தில் எனக்கு 'பி.டி. மாஸ்டர்' என்று பெயர் வந்துவிட்டது. எனக்குத் தெரியாது என்று அவர்களும், தெரியாத மாதிரி நானும் கடைசிவரை மரியாதையாக நடந்துகொண்டோம்.

அங்கே யாரையும் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சட்டையில் அவரவர் தைக்கும் பாகம்தான் பெயர். கை தைப்பவர் 'கை'. பக்கவாட்டுத் தையல் போடுபவர் 'சைடு'. பொத்தான் துளை போடுபவர் 'காஜா'. "காலரு, டீ ஆறுது பாரு", "சைடு இன்னிக்கு லீவு, மாமியாருக்கு ஒடம்பு சரியில்ல" என்று பேச்சு ஓடும். எல்லோரையும் மேய்க்கும் ஐம்பத்தைந்து வயது அம்மாளுக்குச் சட்டையில் பாகம் எதுவும் இல்லாததால் அவர் மட்டும் 'அக்கா'.

காலர் தைப்பது ஒரே ஒரு பெண். நாற்பது வயதிருக்கும், பேச்சு குறைவு. சைதாப்பேட்டையில் ஹவுசிங் போர்டு குடியிருப்பு. மற்ற வேலைகளுக்கெல்லாம் இரண்டு மூன்று பேர் இருக்க, காலருக்கு மட்டும் ஒருவர் என்பதைப் பார்த்த உடனே எனக்குப் புரிந்துவிட்டது. காலர் எத்தனையோ அத்தனைதான் சட்டை. ஆகவே காலரை அளந்தால் கூடத்தையே அளந்த மாதிரி. இதுவரை என் கணக்கில் பிழை இல்லை. இதற்கு மேல் சரியாக எதுவும் செய்யவில்லை என்பதால் இதை இங்கே பதிந்துவைக்கிறேன்.

அந்தப் பெண்ணின் மெஷினுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அக்கா ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார்.

"உக்காருங்க சார்."

"வேண்டாம்மா. நின்னுதான் பாக்கணும்."

"எம்மா நேரம் நிப்பீங்க?"

"முப்பது காலர்."

அக்கா காலர்க்காரரைப் பார்த்தார். காலர்க்காரர் அக்காவைப் பார்த்தார். தைக்க ஆரம்பித்தார். நான் பொத்தானை அழுத்தி அழுத்திக் குறித்துக்கொண்டேன். துணி ஊசிக்கடியில் தண்ணீர் மாதிரி ஓடியது. நடுவில் எனக்கு மட்டும் தனி டம்ளரில் டீ வந்தது. முப்பது காலர் முடிந்தபோது சராசரி ஐம்பத்திரண்டு நொடி.

இங்கேதான் படித்தவன் என்பது வெளிப்பட்டது. யாராவது கடிகாரத்தோடு பக்கத்தில் நின்றால் தொழிலாளி வேண்டுமென்றே மெதுவாகத் தைப்பார், இலக்கு ஏறிவிடக் கூடாது என்று கையைக் கட்டிப்போடுவார் என்று புத்தகம் எச்சரித்திருந்தது. இந்தப் பெண்ணும் பயந்து மெதுவாகத்தான் தைத்திருப்பார் என்று முடிவு செய்து, அந்தக் கபடத்துக்காக நான்கு நொடியைக் கழித்தேன். நாற்பத்தெட்டு. சாப்பாடு, டீ போக ஒரு நாளில் வேலை நேரம் எட்டு மணி பத்து நிமிடம். அதை நொடியாக்கி நாற்பத்தெட்டால் வகுத்தால் அறுநூற்றுப் பன்னிரண்டரை. அரைச் சட்டையைப் பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்தேன். வெள்ளைப் பலகையில் சிவப்பு மையால் 612 என்று எழுதினேன்.

கூடம் அதைப் பார்த்தது. காஜா போடும் பெண் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டது என் காதிலும் விழுந்தது.

"இன்னாடி அது, பஸ் நம்பரா?"

அண்ணாச்சி மேலே வந்து பலகைக்கு முன்னால் கைகட்டி நின்றார். சாமி படத்துக்கு முன்னால் நிற்பதுபோல இருந்தது. அன்று மாலையே சித்தப்பா மகனுக்கு, அவரும் ஜவுளிதான், போன் போட்டு இந்த எண்ணைச் சொல்லிவிட்டாராம்.

இனி அறுநூற்றுப் பன்னிரண்டை எட்ட வேண்டும். கூடத்தில் குறை தேடிச் சுற்றினேன். காலர் மெஷினுக்கு அடியில் ஒரு பச்சைப் பிளாஸ்டிக் டப் இருந்தது. குழந்தையைக் குளிப்பாட்டும் அளவு. அதில் தைத்து முடித்த காலர்கள் நாற்பது ஐம்பது குவிந்து கிடந்தன. அடுத்த ஆள் எடுத்துச் சட்டையில் வைத்துத் தைக்கும்வரை அவை அங்கேயே கிடக்கும். புத்தகத்தின் நான்காம் அத்தியாயம் முழுவதும் இப்படிக் காத்துக் கிடக்கும் சரக்குக்கு எதிராகத்தான் எழுதப்பட்டிருந்தது. அது நோய், அழுக்கு, முடக்கம். அதை எழுதியவர் இந்த டப்பை நேரில் பார்த்திருந்தால் அழுதிருப்பார்.

"இந்த டப் வேண்டாம்மா. இனிமே கையில இருபது காலருக்கு மேல சேரக் கூடாது. இருபது ஆயிட்டா, அடுத்த ஆள் எடுக்கிறவரை தைக்கறத நிறுத்திடுங்க."

அந்தப் பெண் என்னையும் டப்பையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அஞ்சு மணிக்கு மேல சார்?"

"அஞ்சு மணிக்கு மேலயும் இருபதுதான்."

இந்த உரையாடலை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அவர் கேட்டது கேள்வி. நான் சொன்னது விதி. டப் குளியலறைக்குப் போய்க் குழாய்க்கு அடியில் உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் முந்நூற்று எழுபத்திரண்டு சட்டை. அதற்கு மறுநாள் முந்நூற்று அறுபத்தொன்று. கூடவும் குறையவும் மாட்டாமல் இருந்த எண்ணைக் குறைத்துக் காட்டிய முதல் மனிதன் நான். காரணத்தைத் தேடினேன், உடனே கிடைத்தது. காலர்க்காரர் தினமும் ஐந்து மணிக்குக் கிளம்பிவிடுகிறார். கூடம் ஆறு மணிவரை. அவர் வைத்துவிட்டுப் போகும் இருபது காலர் அரை மணியில் தீர்ந்துவிடும். அதற்கு மேல் இருபத்தொரு மெஷின்களும் ஊர்க்கதை பேசின.

அக்காவைக் கேட்டேன்.

"அது பழைய ஏற்பாடு சார். அது கீற எடத்துல ஆறு மணிக்கு அடிபம்புல தண்ணி வரும். முக்கா மணி நேரம், அவ்ளோதான். வூட்டுக்காரரு அடையாறுல ஒரு அபார்ட்மெண்ட்ல வாட்ச்மேன், சாயங்காலம் டூட்டி. இதுதான் மூணாவது மாடிக்கு எட்டுக் கொடம் ஏத்தணும். அஞ்சு மணிக்குக் கெளம்பி மாம்பலத்துல ரயில புடிச்சா சரியா இருக்கும். உட்டா அன்னிக்கு வூட்ல பொட்டுத் தண்ணி கெடையாது."

நான் தலையாட்டினேன். மனிதாபிமானத்தோடுதான் தலையாட்டினேன். பிறகு என் மேஜைக்குப் போய் மணிவாரியாக ஒரு வரைபடம் போட்டு, ஐந்து மணிக்குக் கோடு கிணற்றில் விழுவதைக் காட்டி, அடியில் ஒரு வரி எழுதினேன்: 'காலர் பிரிவில் மாலை ஒரு மணி நேர இழப்பு கண்டறியப்பட்டுள்ளது, சரிசெய்யப்பட வேண்டும்.' கண்டறிந்தது யார், சரிசெய்யப் போவது யார், அதனால் யார் வீட்டில் தண்ணீர் இருக்காது என்பது எதுவும் இல்லாமல் ஒரு வாக்கியத்தை எழுத இருபத்திரண்டு வருட அனுபவம் வேண்டும்.

அண்ணாச்சி படித்துவிட்டு அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, இனிமே நீயும் ஆறு மணிக்கே போ. எல்லாருக்கும் ஒரே நேரம்தான். சார் கணக்குப் போட்டுட்டாரு."

"சரி அண்ணாச்சி."

அவ்வளவுதான். அழுகை இல்லை, வாதம் இல்லை. கூடத்தில் மட்டும் அன்றைக்கு எனக்குத் தனி டம்ளரில் டீ வரவில்லை. எல்லோருக்கும் வரும் பேப்பர் கப்பில் வந்தது.

வீட்டில் வரைபடத்தை மனைவியிடம் காட்டினேன். கோடு விழும் இடத்தை விரலால் தொட்டுக் காட்டினேன். அவள் முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"போன மாசம் மோட்டார் ரிப்பேர்னு நம்மாத்துல ஒரு நாள் தண்ணி வரலே. நீங்க என்ன பண்ணினேள்?"

"செக்ரட்டரிக்கு போன் பண்ணினேன்."

"பதினோரு தடவை."

ஒன்பது என்பது என் நினைவு. ஆனால் எண்ணுவதில் என் தகுதி பற்றி அந்த வீட்டில் ஏற்கெனவே ஒரு கருத்து இருந்ததால் விட்டுவிட்டேன்.

அந்தப் பெண் ஆறு மணிவரை இருக்க ஆரம்பித்தார். முந்நூற்று எண்பத்துநாலு. முந்நூற்று எழுபத்தொன்பது. முந்நூற்று எண்பத்தொன்று. ஒரு மணி நேரம் கூடுதலாக ஆள் இருந்தும் பழைய நானூற்றுப் பத்துகூட வரவில்லை. நடுநடுவே அவர் கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதையும் பார்த்தேன். இருபது சேர்ந்துவிட்டது, என் விதிப்படி நிறுத்திவிட்டார். அதையும் 'வேலையின்றி இருத்தல்' என்று ஒரு கட்டத்தில் குறித்துக்கொண்டேன். அண்ணாச்சி கேட்டபோது 'பழகிக்கொள்ளும் காலம்' என்று சொன்னேன். பலகையில் 612 அழியாமல் இருந்தது. அதற்குப் பக்கத்தில் அன்றாட எண்ணை எழுதும்போது நான் சின்னதாக எழுதப் பழகினேன்.

பங்குனியில் மயிலாப்பூரில் திருவிழா. அறுபத்துமூவர் அன்றைக்கு மாடவீதிப் பக்கம் வண்டி விட மாட்டார்கள். அடைப்பதற்குள் கிளம்பிவிடலாம் என்று காலை ஏழே முக்காலுக்கே வீட்டை விட்டேன். நான் அதுவரை கூடத்துக்குப் பத்து மணிக்கு முன் போனதில்லை. உற்பத்தியைக் கணக்கிடுபவன் உற்பத்தி நன்றாகச் சூடுபிடித்த பிறகு வந்தால் போதும் என்பது என் கட்சி.

எட்டரைக்கு மூன்றாவது மாடிப் படியில் ஏறினேன். கதவு திறந்திருந்தது. கூட்டிப் பெருக்குகிற அம்மாள் உள்ளே இருந்தார். மேல்படியில் காலர்க்காரர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் காலியான இரண்டு பிளாஸ்டிக் கேன்கள், ஐந்து லிட்டர் பிடிக்கும்.

"என்னம்மா, இவ்வளவு சீக்கிரம்?"

"நான் எப்பவும் எட்டரைக்கு வந்துருவேன் சார்."

"வேலை ஒன்பது மணிக்குத்தானே?"

"அஞ்சு மணிக்குப் போவணும்ல. அதான் எட்டரைக்கு வந்து கொஞ்சம் தைச்சு டப்புல போட்டுருவேன். சாப்பாட்டு நேரத்துலயும் ஒரு பத்துப் பதினஞ்சு. நான் போனப்பறம் அதுங்க அத எடுத்து ஆறு மணி வரைக்கும் ஓட்டிக்குங்க." கேன்களை ஓரமாக நகர்த்தினார். "இப்ப டப்பு இல்ல. ஆனா காலைல அந்த ரயிலுக்கே வந்து பழகிடுச்சு. வந்து சும்மா குந்திக்கினு கீறேன்."

"இந்தக் கேன்?"

"குடிக்கிற தண்ணிக்கு சார். இங்க ஃபில்டர் மிஷின் தண்ணில புடிச்சுக்கினு போறேன். அண்ணாச்சி கைல கேட்டுட்டேன்."

பத்து லிட்டர் தண்ணீரைக் கையில் தூக்கிக்கொண்டு, மாலை ஆறு மணிக் கூட்டத்தில், மாம்பலத்தில் ரயில் ஏறுவது எப்படி என்று என் புத்தகத்தில் இல்லை. நானும் ஒரு படி கீழே உட்கார்ந்தேன்.

"இத ஏம்மா அன்னிக்கே சொல்லல?"

"சொன்னேனே சார். அஞ்சு மணிக்கு மேலன்னு கேட்டேன். நீங்க வாட்ச்ச பாத்துக்கினு இருந்தீங்க."

அக்கா அப்போதுதான் மூச்சிறைக்க மேலே ஏறி வந்தார். நாங்கள் இருவரும் படியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பயந்துபோனார். ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் அவரும் உட்கார்ந்தார். உட்கார்ந்தது உட்கார்ந்துவிட்டோம் என்று என் அடுத்த சந்தேகத்தையும் கேட்டேன்.

"அக்கா, அன்னிக்கு நான் பாத்தப்ப ஒரு காலர் ஐம்பத்திரண்டு நொடியில வந்துதே. அதே வேகத்துல தைச்சா ஐந்நூத்தி அறுபதாவது வரணும். ஏன் வரல?"

அக்கா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். காலர்க்காரர் கேனின் மூடியைத் திருகித் திருகித் திறந்தார்.

"சொல்லுங்க, பரவாயில்ல."

"அது வந்து சார், ஸ்டூலு போட்டேன், நீங்க உக்கார மாட்டேன்னீங்க. முப்பது காலர் ஆவுற வரைக்கும் நிப்பேன்னீங்க. வயசானவரு, கால் வலிக்குமேன்னு இது அவசரம் அவசரமா தைச்சு முடிச்சுச்சு. நான்தான் கண்ணக் காட்டுனேன். அப்பறம் அன்னிக்கு மதியம் பூரா இதுக்கு தோள்பட்ட வலி, ஆயின்மெண்ட் தேச்சு உட்டேன்."

எனக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. வயதானவர் என்பதை முதலில் ஜீரணித்தேன். பிறகு மற்றதை.

அவர்கள் என்னை விருந்தாளியாக நினைத்துத் தைத்தார்கள். நான் அதைக் கபடம் என்று நினைத்து மேலும் நான்கு நொடி கழித்தேன். அந்த எண்ணைத்தான் அண்ணாச்சி சித்தப்பா மகனுக்குப் போன் போட்டுச் சொல்லியிருக்கிறார்.

அன்று பதினொரு மணிக்குக் கடைக்குக் கீழே போனேன். அண்ணாச்சி கல்லாவுக்குப் பின்னால் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முழுவதையும் சொன்னேன். எட்டரை மணி, டப், இருபது காலர் விதி, என் கால் வலி, எதையும் விடவில்லை. கேட்டுக்கொண்டே இரண்டு இட்லியை முடித்தார்.

"அப்ப அந்த அறுநூத்திப் பன்னெண்டு?"

"அது உற்பத்தி இல்ல அண்ணாச்சி. உபசாரம்."

"டப்ப எடுக்கச் சொன்னது யாரு?"

"நான்தான்."

"கடையில ஒருத்தன் வந்து, அலமாரியில துணி அடுக்கி வச்சிருக்கீரே, எல்லாத்தையும் தூக்கிட்டு இருவது மட்டும் வையும்னு சொன்னான்னா நான் அவன என்ன செய்வேன் தெரியுமா சார்?"

தெரியும் என்றேன்.

"அத என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தீயன்னா நானே சொல்லியிருப்பேன். சரக்கு இருந்தாத்தானவே ஏவாரம்." கை கழுவிவிட்டு வந்தார். கோபம் இருந்தது. ஆனால் அவர் கணக்குப் பார்க்கிறவர். "சரி. டப்ப திரும்ப வையுங்க. ஒரு வாரம் பழையபடி விட்டுப் பாப்பேன். சனிக்கிழமைக்குள்ள பழைய நானூத்திப் பத்து வந்துட்டா அந்தப் பொண்ணு அஞ்சு மணிக்கே போகட்டும். வரலைன்னா ஆறு மணிதான். அதுக்கு மேல நீங்க, அக்கா, யாரும் எங்கிட்டப் பேசப்படாது. சித்தப்பா மவன் தெனமும் போன் போட்டுக் கேக்கான்."

டப் குளியலறையிலிருந்து ஊர்வலமாகத் திரும்பி வந்தது. காஜா போடும் பெண் துடைத்துக்கொடுத்தார். ஆனால் காலி டப் ஒரே நாளில் நிறைந்துவிடுமா? திங்கள் முந்நூற்றுத் தொண்ணூறு. செவ்வாய் முந்நூற்றுத் தொண்ணூற்றாறு. புதன் நானூற்றொன்று. நான் எட்டரைக்கே வந்து உட்கார ஆரம்பித்தேன். ஒரு வேலையும் இல்லை. என்னால் ஆன ஒரே உதவி, அந்தப் பெண் பக்கத்தில் போய் நிற்காமல் இருந்தது. வியாழன் நானூற்று நான்கு. வெள்ளி நானூற்றேழு.

சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு கரண்ட் போனது.

ஜெனரேட்டர் கடைக்கு மட்டும்தான், கூடத்துக்கு இல்லை. இருபத்திரண்டு மெஷின்களும் ஒரே மூச்சில் அடங்கின. பக்கத்துச் சந்தில் யாரோ தர்பூசணி விற்கும் குரல் கேட்டது. இத்தனை நாளும் கூடத்தில் அது கேட்டதே இல்லை.

"எம்மா நேரம் ஆச்சு சார்?" என்றார் காலர்க்காரர். முதல்முறையாக என் கழுத்துக் கடிகாரத்துக்கு ஒரு வாடிக்கையாளர்.

"ஏழு நிமிஷம்."

பதினொன்று. பதினாறு. இருபத்தொன்றாவது நிமிடம் விளக்கு வந்தது. மூன்றரைக்கு டீ வந்தபோது யாரும் எழுந்திருக்கவில்லை. அக்கா பேப்பர் கப்புகளை ஒவ்வொரு மெஷின் பக்கத்திலும் வைத்துவிட்டுப் போனார். அப்படியே ஆறி ஆடை படிந்தது. யாரும் பேசி வைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. பேசி வைத்துக்கொண்டிருந்தாலும் எனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஐந்து மணிக்குக் காலர்க்காரர் எழுந்திருக்கவில்லை. இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று தைத்துக்கொண்டிருந்தார். அக்கா வந்து மெஷினின் சுவிட்சை அணைத்தார்.

"கெளம்பு."

"பத்துமா அக்கா?"

"டப்பப் பாரு, எவ்ளோ கீதுன்னு. போ, ரயிலு போய்டும்."

"இல்ல, கரண்டு வேற..."

"ஏய், போறியா, சாருகிட்டச் சொல்லி ரூல்சு போடச் சொல்லட்டுமா?"

அந்தப் பெண் பையை எடுத்துக்கொண்டு ஓடினார். கேன்களைக் கொண்டுவரவில்லை என்பதைக் கவனித்தேன்.

நான் கீழே கடையில் போய்க் காத்திருந்து, ஆறு மணிக்கு அண்ணாச்சியோடு மேலே வந்தேன். இஸ்திரி மேஜைக்குப் பக்கத்தில் சட்டைகளைப் பத்துப் பத்தாக அடுக்கி எண்ணினார்கள். அவர் ஒருமுறை, அக்கா ஒருமுறை. என்னை எண்ணச் சொல்லவில்லை. டப்பின் அடியில் மூன்று காலர் மிச்சம் இருந்தது. நானூற்றுப் பன்னிரண்டு.

அண்ணாச்சி இன்னொருமுறை எண்ணினார். பிறகு டஸ்டரை எடுத்து 612-இன் முதல் எண்ணை மட்டும் அழித்து அங்கே 4 என்று எழுதினார். இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தார்.

"ரெண்டு மாசம். ரெண்டு சட்ட," என்றார் என்னைப் பார்த்து. "நல்ல முன்னேத்தம்தான் சார்."

சித்தப்பா மகனுக்கு அவர் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. அவர் இறங்கிப்போன பிறகு எனக்கு உண்மையிலேயே ஒரு சந்தேகம் இருந்தது. கரண்ட் போன நாளில், டீயைத் தியாகம் செய்தாலும், நானூற்றுப் பத்து வந்ததே பெரிய விஷயம். அதற்கு மேல் இரண்டு எப்படி? ஏதாவது ஒரு சிறு மேம்பாடு என்னால் நிகழ்ந்திருக்கலாம் அல்லவா? அக்காவிடம் நாசூக்காகக் கேட்டேன். அவர் பொத்தான் டப்பாக்களை மூடிக்கொண்டிருந்தார்.

"நானூத்திப் பத்து அஞ்சே முக்காலுக்கே ஆயிடுச்சு சார். எல்லாரும் எந்திரிச்சிட்டாளுங்க. நான்தான் உக்காருங்கடின்னேன். ரெண்டு மாசமா அந்த மனுசன் மூணு மாடி ஏறி வர்றாரு, நோட்டுல எழுதுறாரு. அவரு வந்ததுக்கு ஏதாச்சும் ஏறணும்ல? அதான், உங்க பேர்ல ஒரு ரெண்டு."

அந்த இரண்டு சட்டைகளும் என் வாழ்நாள் சாதனை. தரமணியில் இருபத்திரண்டு வருடத்தில் எனக்காக யாரும் இரண்டு நிமிடம் கூடுதலாக உட்கார்ந்ததில்லை.

என் ஒப்பந்தம் அந்த மாதக் கடைசியோடு முடிவதாக இருந்தது. அதை நீட்டிக்க அண்ணாச்சியும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கடைசி நாள் மாலை, பழக்கதோஷத்தில், கூடத்தின் நடுவில் கழுத்துக் கடிகாரத்தோடு நின்றுகொண்டிருந்தேன். சரியாக ஐந்து மணிக்குக் காலர்க்காரர் மெஷினை அணைத்தார். குனிந்து டப்பைப் பார்த்தார். எண்ணவில்லை, பார்த்தார். போதும் என்று தெரிந்ததும் பையை எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார். வாசலில் நின்று திரும்பினார்.

"சார், அந்த ஸ்டூல்ல உக்காருங்க. கால் வலிக்கப் போவுது."

உட்கார்ந்தேன்.